கோட்டில் தெரியும் மனநிறைவு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

"வாழ்க்கை எப்படி?" என்று ஒருவர் வினவினால், "ஏதோ ஓடுகிறது" என்று விடையிறுப்பது நம் வழக்கம். அவ்விடையில் நிறைவும் தெரியாது, குறையும் தெரியாது. எம்போன்ற எழுத்தர்கள் சம்பளத்துக்கும் விடுப்புக்கும் கணக்கு வைக்கிறோம்; மனத்துக்கு வைப்பதில்லை. அக்கணக்கைச் சொல்லால் எழுதுவதினும் கோட்டால் வரைவது எளிது என்பதே நாம் இன்று சொல்ல வந்தது.

"எமக்குப் படம் வரையத் தெரியாதே" என்பீர்கள். கவியரசர் தாகூரும் ஓவியப் பள்ளியில் பயின்று தேறியவர் அல்லர். 1861-இல் பிறந்த அவர், அறுபதைக் கடந்த பின்னரே ஓவியத்தில் முழுமையாக இறங்கினார். 1924-ஆம் ஆண்டளவில் 'பூரபி' கவிதைகளை எழுதுகையில், அடித்துவிட்ட சொற்களை அவ்வாறே விட மனமின்றி, அவ்வடித்தல்களைக் கோடுகளால் இணைத்தார். பறவையும், பெயரறியா விலங்கும், முகமும் அங்கே எழுந்தன. 1928-இல் நம் பெங்களூரில், பாலப்ரூயி மாளிகையில் அவர் தங்கியிருந்தார் என்பதும் நமக்குப் பெருமையே. 1930-இல் பாரிசில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. கவிதையில் அத்துணை பேசியவர்க்கே சொல்லில் அடங்காதது எஞ்சியிருந்ததென்றால், நமக்கு எஞ்சாதா?

சுவிட்சர்லாந்தின் மனநூல் அறிஞர் யுங், 1918-19-இல் படைப்பணியில் இருந்தபோது காலைதோறும் குறிப்பேட்டில் சிறு வட்டம் ஒன்று வரைந்துவந்தார். அன்றன்றைய மனநிலை அதிற் படிந்திருப்பதைக் கண்டார். நம் தாய்மார்களுக்கு இது புதுமையன்று. வாசற்கோலத்தில் இழை கோணிய அன்று, "என்னம்மா, மனசு சரியில்லையா?" என்று அண்டை வீட்டார் கேட்டுவிடுகிறார்களே!

நிற்க. சென்ற கோடையில் நம் சங்க அன்பர்கள் 11 பேர் கூடி ஒரு பயிற்சி செய்தோம். ஒரு வட்டம் வரைந்து, நடுவிலிருந்து விளிம்புக்கு எட்டு ஆரங்கள் இழுத்தோம். உடல்நலம், இல்லறம், தொழில், பொருள், நட்பு, கல்வி, வழிபாடு, தமக்கென ஓய்வு என்று அவற்றுக்குப் பெயரிட்டோம். நடுப்புள்ளி சுழியம்; விளிம்பு பத்து. நிறைவுக்கேற்ப ஒவ்வோர் ஆரத்திலும் புள்ளி வைத்து இணைத்தால் ஒரு சக்கரம் தோன்றும். மேலைநாட்டார் இதனை வாழ்க்கைச் சக்கரம் என்பர்.

இரயில்வேத் துறையினர்க்குச் சக்கரத்தைப் பற்றி ஒன்று தெரியும். பிரேக் இறுகிச் சக்கரம் உருளாமல் வழுக்கினால், ஓரிடம் தேய்ந்து தட்டையாகும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 'தடக், தடக்' என்று அடிக்கும். பெட்டியில் இருப்பவர் சற்று நேரத்தில் அவ்வோசைக்குப் பழகிவிடுவார். தண்டவாளமோ அடிவாங்கிக்கொண்டே இருக்கும். பணிமனையில் கடைசல் பிடித்தாலன்றி அது சீராகாது.

எங்கள் சக்கரங்களுள் பெரும்பாலானவை தொழிலிலும் பொருளிலும் ஓரளவு உருண்டையாகவே இருந்தன. நட்பிலும் ஓய்விலும் தட்டையாகிக் கிடந்தன. ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் நட்புக்கு ஒன்றே இட்டார். தொம்மலூருக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகியும், அவர் நண்பரென எண்ணியோர் எல்லாரும் சொந்த ஊரில்தான் இருந்தனர். அவர்களுள் இருவர் காலமாகியும் விட்டனர்.

அடுத்து, 'நம் வீடு' என்று வரையச் சொன்னோம். எண்மர் திண்ணையும் கிணறும் உள்ள பிறந்த ஊர் வீட்டையே வரைந்தனர். உடன் வந்திருந்த பிள்ளைகளோ மாடிப்படியும் தண்ணீர்த் தொட்டியும் வரைந்தனர்! நம் சொக்கநாதசுவாமி கோயிலில் பல நூற்றாண்டுப் பழமையுடைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அத்தகைய ஊரில் நாம் இன்னும் பெட்டியைப் பிரிக்காத பயணிகளாகவே இருக்கிறோம். 'ஊருக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று எத்தனை மகிழ்ச்சிகளை ஒத்திவைத்திருக்கிறோம் என்பதை அப்படங்களே காட்டின.

ஒன்று கூற வேண்டும். படம் மருந்தாகாது. உணவும் உறக்கமும் கெடுமளவு துயர் நீடித்தால் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையை நாடுவதே முறை. அதில் நாணம் வேண்டா.

அவ்வோய்வு பெற்ற அன்பர் ஆடி மாதத்தில் மீண்டும் சக்கரம் வரைந்தார். நட்புப் புள்ளி மூன்றுக்கு ஏறியிருந்தது. எதிர்வீட்டுக் கன்னடப் பெரியவரோடு காலையில் உலாவத் தொடங்கியிருப்பதாகக் கூறினார். தாளும் பென்சிலும் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறோம். விரும்புவோர் ஞாயிறு மாலை 4 மணிக்கு வருக.