கோதுமைக்குக் கடவுள் செய்ததும் மனிதன் செய்ததும்



கோதுமை ஆராய்ச்சி என்னும் விஷயமாகச் சிறிது பேசலாமென்று வந்திருக்கிறோம். நெல் விளைகிற ஊரில் வந்து கோதுமையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு. நெல்லைப் பற்றிப் பேசினால் உங்கள் ஊர் அம்மனும், ஐயரும், பஞ்சாங்கமும், பாட்டன் சொல்லும் உடனே குறுக்கே வந்து நின்றுகொள்ளும். "எங்கள் சாமியையா சொல்லுகிறாய்?" என்று கோபம் வரும். ரோமாபுரிச் சாமியைச் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. பிறத்தியார் மடமை நமக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். ஆகவே முதலில் ரோமாபுரிக்குப் போவோம்.

கோதுமைக்குத் துரு நோய் என்று ஒன்று உண்டு. தாளிலும் இலையிலும் இரும்புத் துருவைப் போலச் செம்பொடி பூக்கும். விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அறுப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது வயல் நன்றாகத்தான் இருக்கும். குடியானவன் கடன்காரனுக்குத் தவணைகூடச் சொல்லி வைத்திருப்பான். அறுக்கப் போகிற சமயத்தில் தாள் கறுத்து ஒடிந்து, மணி சுருங்கிப் பதராகக் கிடக்கும். இது ஏன் வருகிறதென்று பழைய ரோமர்களுக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் யார் வந்து உட்காருவார் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. ரோபிகஸ் என்று ஒரு கடவுள் வந்து உட்கார்ந்தார். துருவை அனுப்புகிறவர் அவர். அனுப்பாமல் நிறுத்துகிறவரும் அவரே. வருஷந்தோறும் ஏப்ரல் 25ந் தேதி புரோகிதர் வெள்ளை உடுத்த கூட்டத்தோடு ஊர்வலம் போய், சாம்பிராணியும் மதுவும் வைத்து, ஒரு நாயைப் பலி கொடுப்பார். துரு சிவப்பாயிருப்பதால் நாயும் செந்நிறமாயிருக்க வேண்டுமாம்! நாய்க்கும் கோதுமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவன் நாஸ்திகன்.

பிறகு கிறிஸ்து மதம் வந்தது. நாயை விட்டுவிட்டார்கள், தேதியை விடவில்லை. அதே ஏப்ரல் 25ல் பயிரைக் காக்கும்படி ஜபம் சொல்லிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ரோமன் கத்தோலிக்க சபை தன் பொது நாட்குறிப்பிலிருந்து அதை எடுத்தது 1969ஆம் வருஷத்தில்தான். இத்தனை காலமும் நாய் தப்பியது, துருவும் தப்பியது.

இவ்வளவு நாள் இந்த வியாபாரம் எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். துரு படருவதற்கு இலையில் ஈரம் வேண்டும், மிதமான சூடு வேண்டும். காய்ந்த வருஷத்தில் அது தானாகவே அடங்கிவிடும். அடங்கினால் பூஜையின் பலன். அடங்காவிட்டால் ஜனங்களின் பாவம். இந்த வியாபாரத்தில் எந்தப் பக்கம் தராசு சாய்ந்தாலும் புரோகிதருக்கு நஷ்டமே கிடையாது. நம் ஊரில் மழைக்கு யாகம் செய்கிறவர் கணக்கும் இதே கணக்குத்தான்.

இனி, மனிதன் என்ன செய்தான் என்று பார்ப்போம். முதலில் கண்டவர்கள் படித்தவர்களல்ல, குடியானவர்கள்! ஐரோப்பாவில் வேலிகளில் பார்பெரி என்னும் முட்செடி வளர்ப்பதுண்டு. மஞ்சள் பூ, சிவந்த புளிப்புப் பழம். அந்தச் செடிக்குப் பக்கத்து வயலில்தான் துரு முதலில் பிடிக்கிறதென்று உழுகிறவன் கண்டான். பிரான்சு தேசத்தில் ரூவான் என்னும் ஊரில் 1660லேயே அந்தச் செடியை வெட்டியெறியும்படி சட்டம் வந்ததாகச் சொல்லுகிறார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் என்னும் பகுதியில் 1726ல் வந்தது. பண்டிதர்கள் சிரித்தார்கள். செடியில் இருப்பது வேறு பூசணம், கோதுமையில் இருப்பது வேறு பூசணம், நிறமும் உருவமும் வேறு, ஒன்று எப்படி மற்றொன்றாகும் என்றார்கள்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க் தேசத்துக் கிராமத்தில் ஷோலர் என்னும் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், துருப்பிடித்த பார்பெரி இலையைக் கொண்டுபோய், பனியில் நனைந்திருந்த ரை என்னும் தானியப் பயிரின்மேல் தேய்த்து வைத்தார். சில நாளில் தேய்த்த பயிருக்குத் துரு வந்தது. தேய்க்காத பயிருக்கு வரவில்லை. அவர் சொன்னதைப் பெரிய தாவர சாஸ்திரிகள் ஏற்கவில்லை. வாத்தியார்தானே! 1865ல் ஜெர்மனியில் டி பாரி என்னும் அறிஞர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து அந்த முடிச்சை அவிழ்த்தார். கோதுமையில் கோடையில் செந்தூளாக இருப்பதும், கடைசியில் கருந்தூளாக வைக்கோலில் தங்கிக் குளிர் காலத்தைத் தூங்கிக் கழிப்பதும், வசந்தத்தில் விழித்துப் பார்பெரி இலையில் ஏறுவதும், அங்கிருந்து மறுபடி கோதுமைக்கு வருவதும் எல்லாம் ஒரே பூசணம். ரோபிகஸின் உண்மையான உருவம் இதுதான். அதன் அவதாரங்களை எந்தப் புராணமும் சொல்லவில்லை.

1916ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தத் துரு பெருவாரியாக வந்து கோடிக்கணக்கான புஷல் கோதுமையை அழித்தது. 1918ல் அமெரிக்க சர்க்கார் பார்பெரியை வேரோடு பிடுங்கும் வேலையைத் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூடச் செடியைத் தேடிக் காட்டினார்கள். ஒரு நாயும் சாகவில்லை, துரு குறைந்தது.

இதுவரை கேட்டவர்கள், "சரி, ஐரோப்பாக்காரன் கண்டுபிடித்துவிட்டான், நாமும் பார்பெரியைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது" என்று நினைக்கலாம். இங்கேதான் நாம் முக்கியமாகச் சொல்ல வேண்டிய சங்கதி இருக்கிறது. பார்பெரி ஜாதிச் செடி இமயமலையிலும் உண்டு, நம் நீலகிரியிலும் உண்டு. வெள்ளைக்காரன் புஸ்தகத்தை வேதமாக வைத்துக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்குவதில் லட்சக்கணக்கான ரூபாயைச் செலவழித்திருப்போம். ஆக்ரா கல்லூரியில் இருந்த கே. சி. மேத்தா என்னும் பேராசிரியர் அப்படிச் செய்யவில்லை. "அங்கே உண்மை, இங்கேயும் உண்மையா?" என்று கேட்டார்.

1920களில் தொடங்கி, 1950ல் இறக்கும்வரை அவர் அந்த ஒரு கேள்வியையே பிடித்துக்கொண்டிருந்தார். வடநாட்டுச் சமவெளியில் அறுப்பு முடிந்த பிறகு அடிக்கிற வெயிலில் துருவின் வித்துத்தூள் பிழைக்கிறதா என்று பார்த்தார். பிழைக்கவில்லை, செத்துப்போகிறது. பார்பெரியிலிருந்து வருகிறதா என்று பார்த்தார். இந்தியாவில் கோதுமைத் துருவுக்கு அந்தச் செடி காரணமில்லை என்று கண்டார். அப்படியானால் வருஷாவருஷம் புதிதாக எங்கிருந்து வருகிறது? பல ஊர்களில் பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து, எந்த நாளில் எந்த ஊரில் தூள் வந்து விழுகிறது, எத்தனை நாள் கழித்து அந்த ஊர் வயலில் நோய் காண்கிறது என்று எழுதி வைத்தார். கடைசியில் அகப்பட்டது. மலைகளில் குளிர்ச்சி உண்டு. சமவெளியில் பயிர் இல்லாத மாதங்களிலும் அங்கே கோதுமை நின்றுகொண்டிருக்கும். துரு அங்கே தங்கியிருந்து, பருவம் வந்ததும் காற்றில் ஏறிச் சமவெளிக்கு இறங்குகிறது. வடக்கே இமயமலை; தெற்கே எது என்று நினைக்கிறீர்கள்? நம்முடைய நீலகிரியும் பழனிமலையும்தான்!

பின்னாளில் நாகராஜன், ஜோஷி முதலிய ஆராய்ச்சிக்காரர்கள் இதை இன்னும் விரிவாகப் பார்த்தார்கள். தாளைக் கறுக்க வைக்கும் துரு முக்கியமாகத் தென்மலைகளிலிருந்தே புறப்படுகிறது. நவம்பர் வாக்கில் வங்காள விரிகுடாவில் புயல் கிளம்பும்போது அந்தக் காற்றோடு மத்திய இந்தியாவுக்குப் போய், அங்கே பெய்கிற மழையோடு வயலில் விழுகிறது என்று கண்டார்கள். நீலகிரியிலுள்ள வெல்லிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருப்பதற்கு இதுவே காரணம். துரு தீராமல் தங்கியிருக்கிற இடத்தில்தான், துருவுக்குத் தாங்குகிற விதை எது என்று சோதித்துப் பார்க்க முடியும். கோதுமை தின்னாத ஊரில் கோதுமை நிலையம் எதற்கென்று ஊட்டிக்குப் போகிறவர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இதில் எவ்வளவு பரிதாபம் இருக்கிறது பாருங்கள். நர்மதைக் கரையில் ஒரு குடியானவன், பயிர் கறுத்ததைப் பார்த்து, "போன ஜன்மத்தில் என்ன செய்தேனோ" என்று தலையில் அடித்துக்கொள்கிறான். அவன் போன ஜன்மத்தில் ஒன்றும் செய்யவில்லை. நூற்றுக்கணக்கான மைல் தெற்கே ஒரு மலைச்சரிவில் கொஞ்சம் கோதுமை நின்றுகொண்டிருந்தது, காற்று அடித்தது, அவ்வளவுதான். அவனுக்கு வேண்டியது துருப்பிடிக்காத விதையே தவிர, பரிகாரமல்ல.

அந்த விதைக்காக உழைத்தவர் பலர். கேம்பிரிட்ஜில் பிஃபன் என்பவர் 1905ல், துருவைத் தாங்கும் குணம் தாய் தந்தைச் செடியிலிருந்து கணக்குப்படி சந்ததிக்கு வருகிறதென்று காட்டினார். போர்லாக் என்னும் அமெரிக்கர் 1944 முதல் மெக்ஸிகோவில், வருஷத்துக்கு இரண்டு போகம், ஒன்று வடக்கே தாழ்ந்த நிலத்தில், ஒன்று தெற்கே மலையில் என்று மாறி மாறி விதைத்துத் துருவுக்குத் தாங்குகிற விதையைப் பொறுக்கினார். விதை ஓய்வெடுக்காமல் மறு போகத்துக்கு முளைக்காது என்று அப்போது பெரியவர்கள் சொன்னார்கள், முளைத்தது. ஜப்பானில் இனாசுகா உண்டாக்கி 1935ல் வெளிவந்த நோரின் 10 என்னும் குட்டைக் கோதுமையின் வித்தை அதோடு சேர்த்ததும், எரு போட்டாலும் சாயாத பயிர் வந்தது. 1966ல் இந்தியா 18,000 டன் மெக்ஸிகோ விதை தருவித்தது. அப்போது உணவு மந்திரி சி. சுப்பிரமணியம், ஆராய்ச்சியில் முன்னின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். 1965-66ல் சுமார் 1 கோடி 4 லட்சம் டன் விளைந்த கோதுமை 1967-68ல் சுமார் 1 கோடி 65 லட்சம் டன் விளைந்தது. ஆனால் 1965-66 மழை பொய்த்த வருஷம். நியாயமாக அதற்கு முந்திய வருஷத்துச் சுமார் 1 கோடி 23 லட்சத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டாலும் பெரிய காரியமே. பஞ்சாபில் இதனால் நிலத்தடி நீர் கீழே கீழே போனதும் உண்மை. அதை மூடி மறைப்பது நம் வேலையல்ல. நஷ்டக் கணக்கையும் எழுதி வைப்பதுதான் ஆராய்ச்சிக்கும் ஸ்தல புராணத்துக்கும் உள்ள பேதம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மவர்களில் சிலருக்குக் கசப்பாயிருக்கும். பெரியார் 1932ல் ருஷியா சென்று பார்த்து வந்தது முதல் அந்த நாட்டின்மேல் நமக்கு ஒரு பற்று உண்டு. அங்கே கோயில் அதிகாரம் ஒழிந்தது. ஆனால் வாவிலோவ் என்பவர் உலகமெல்லாம் சுற்றிக் கோதுமை முதலிய விதைகளைச் சேகரித்து லெனின்கிராடில் வைத்தார். லைசென்கோ என்பவர், பரம்பரைக் குணம் என்பதே பொய், நாம் பழக்குகிறபடி பயிர் மாறும் என்றார். அதிகாரத்திலிருந்தவர்களுக்கு லைசென்கோ சொன்னது பிடித்திருந்தது. வாவிலோவ் 1940ல் கைது செய்யப்பட்டு 1943ல் சரடோவ் சிறையில் பட்டினியால் மெலிந்து செத்தார். லெனின்கிராடை ஜெர்மானியர் முற்றுகையிட்டபோது அவருடைய தோழர்கள் விதை மூட்டைகளுக்கு நடுவே பசியால் செத்தார்கள், விதையைத் தின்னவில்லை. அங்கே கடவுள் இல்லை, புரோகிதர் இல்லை. ஆனாலும் கேள்வி கேட்டவனுக்குச் சிறை. கோதுமைக்குச் சர்க்கார் உத்தரவும் தெரியாது, ரோபிகஸும் தெரியாது.

இனி விளைந்த கோதுமை வயிற்றுக்குள் போன கதை. குன்னூரில் மெக்காரிசன் என்னும் டாக்டர் 1920களில், இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலி கொழுத்தது. மதராஸ் சாப்பாடு தின்ற எலி இளைத்தது. உடனே சிலர், கோதுமை தின்கிறவன் வீரன், அரிசி தின்கிறவன் கோழை என்று பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சீக்கியச் சாப்பாட்டில் முழுக்கோதுமை ரொட்டியோடு பாலும், வெண்ணெயும், பருப்பும், பச்சைக் காய்கறியும் இருந்தன. நம்முடையதில் தீட்டிய அரிசிதான் பெரும்பங்கு. எலி சொன்னது, தவிட்டை நீக்காதே, பாலும் பருப்பும் காயும் சேர் என்பதே. கோதுமையையும் தவிடு நீக்கி மைதாவாக்கிவிட்டால் அரிசியைத் தீட்டின கதைதான்.

ஆனால் அந்த முழுக்கோதுமையே சில குழந்தைகளுக்கு விஷமாயிருந்தது. வயிறு உப்பி, கை கால் குச்சியாகி, ஓயாமல் பேதியாகிச் செத்துக்கொண்டிருந்தார்கள். சீலியாக் நோய் என்று பேர் வைத்திருந்தார்களே தவிர, காரணம் தெரியாது. ஹாலந்தில் டிக்கே என்னும் குழந்தை வைத்தியர், ரொட்டியை நிறுத்தினால் குழந்தை தேறுகிறதென்று ஒரு தாய் சொன்னதை அலட்சியம் செய்யாமல் கேட்டுக்கொண்டாராம். 1930களிலேயே அவருக்குச் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியில் ஹாலந்து பட்டினி கிடந்தது, ரொட்டி அருமையாயிற்று. மற்றக் குழந்தைகள் மெலிந்தபோது இந்தக் குழந்தைகள் மோசமாகவில்லை. ரொட்டி திரும்ப வந்ததும் இவர்களுக்கு நோயும் திரும்பியது. அவர் அதோடு விடாமல், எதை நிறுத்தினால் மலத்தில் எவ்வளவு கொழுப்புப் போகிறதென்று மற்றவர்களோடு சேர்ந்து அளந்து பார்த்து, 1950ல் எழுதி வெளியிட்டார். குற்றவாளி கோதுமையின் பசையாகிய குளூட்டன்.

இதைக் கேட்டுவிட்டு, கோதுமை எல்லாருக்கும் விஷம் என்று இப்போது ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. உலகத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இந்த நோய். மற்றவர்களில் ஒவ்வாமை முதலிய தொந்தரவுள்ள சிலர் தவிர, மீதிப் பேருக்கு முழுக்கோதுமை நல்ல ஆகாரமே. ஆனால் ஒரு வீட்டில் குழந்தை வளராமல், அடிக்கடி வயிறு போய், சோகை பிடித்துக் கிடந்தால், தோஷம் என்று தாயத்துக் கட்டி, குறி கேட்டு, மாதக்கணக்காகக் காலம் கடத்துகிறார்கள். கோதுமைப் பண்டம் தின்கிற வீடாயிருந்தால் டாக்டரிடம் கொண்டுபோய், சீலியாக் இருக்கிறதா என்று இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று கவனம்: பரிசோதனை முடிவதற்கு முன்னால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போய்விடும். நோய் என்று உறுதியானால் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் ஆயுள் முழுவதும் விட வேண்டும். அரிசி, கம்பு, கேழ்வரகு, சோளம் தாராளமாகத் தின்னலாம்.