முத்துக்கரை கண்ட கலங்கள்



விண்மீன்களுக்கு அப்பால் வேற்றுலகத்தார் பேரரசுகள் அமைத்து, ஒளியினும் விரைந்து செல்லும் கலங்களில் ஏறிவந்து, பிறர் உலகங்களை அடிப்படுத்துவதாகச் சொல்லும் கதைகளை இக்காலத்து இளைஞர் விரும்பிப் படிக்கின்றனர். திரையிலும் கண்டு மகிழ்கின்றனர். என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் ஒருநாள் வகுப்பில் எழுந்து, "ஐயா, அத்தகையோர் உண்மையாகவே வந்துவிட்டால் நம் கதி என்ன ஆகும்?" என்று கேட்டான். "தம்பி, அதனை அறிய வானத்தை நோக்க வேண்டா; நம் ஊர்க் கடற்கரையை நோக்கினால் போதும். முன்பின் அறியாத கலங்களில், முன்பின் கேளாத மொழி பேசுவோர் இங்கே வந்து இறங்கியது ஒரு முறை அன்று, மூன்று முறை" என்று விடை கூறினேன். அவ்விடையைச் சற்று விரித்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அவர்கள் வருமுன் இக்கரை எவ்வாறிருந்தது? தாமிரபருணி கடலொடு கலந்த இடத்தில் கொற்கை என்னும் பாண்டியர் துறைமுகம் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூல் அதனைக் குறிப்பிடுகின்றது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அங்கே முத்துக் குளிக்கச் செய்தனர் என்றும் கூறுகின்றது. ஆறு கொணர்ந்த மண் படியப் படியக் கடல் விலகிற்று. கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூர். கொற்கைக்குப் பின் காயல் சிறந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதியது அக்காயலையே. ஆகவே அயல்நாட்டுக் கலங்கள் இக்கரைக்குப் புதியன அல்ல. அரபு நாட்டாரும் சீனரும் வந்தனர், விலை பேசினர், வாங்கினர், சென்றனர்.

16ஆம் நூற்றாண்டில் வந்த கலங்கள் வேறு வகையின. 1498இல் கள்ளிக்கோட்டையை அடைந்த போர்த்துகீசியர், 1530களில் இம்முத்துக்கரையில் கால் ஊன்றினர். முத்துக்குளிப்புத் தொழிலில் மூண்ட பூசலில் நலிவுற்ற பரதவர் கொச்சிக்குச் சென்று அவர்களுடைய துணையை நாடினர். துணை கிடைத்தது, பரதவர் கிறித்தவ சமயத்தைத் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார்.

போர்த்துகீசியரின் வலிமை எதில் இருந்தது? நீந்துவதிலும் மூழ்குவதிலும் காற்றின் போக்கை அறிவதிலும் நம்மவர் அவர்க்குச் சிறிதும் இளைத்தவர் அல்லர். இந்துமாக் கடலின் பழங்கலங்கள் பல, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டப்பெற்றவை. வாணிகத்திற்கு அவை போதும். போர்த்துகீசியர் கப்பலோ பக்கங்களில் பீரங்கி தாங்கும் உறுதி வாய்ந்தது. அப்பீரங்கியைக் காட்டியே அவர்கள் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டை நடைமுறைக்குக் கொணர்ந்தனர். அச்சீட்டைப் பெறாத கலத்தைக் கடலிற் கண்டால் பிடித்துக்கொள்வர். அதுகாறும் எல்லார்க்கும் பொதுவாயிருந்த கடலுக்கு ஒரு வாயிற்கதவும் ஒரு காவலனும் ஏற்பட்ட நாள் அதுவே. பேரரசு என்பதன் தொடக்கத்தை நான் அந்தச் சீட்டில் காண்கிறேன்.

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்களை இங்கே கொணர்ந்தது முடியரசன் படை அன்று. பங்குதாரர் பணம் போட்டு 1602இல் தொடங்கிய ஒரு கும்பெனி. கணக்குப் புத்தகத்தைக் கையில் ஏந்திய பேரரசு அது. அக்கும்பெனியின் பெயர்ச் சுருக்கம் 'வி.ஓ.சி.' என்பது. இவ்வெழுத்துக்களைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் இவ்வூரை மாறி மாறிக் கைக்கொண்டு, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி 1825இல் அது முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

இவ்வரசுகள் மூன்றும் மாறின. கடலடியில் நிகழ்ந்த வேலை மாறவில்லை. குளியாளி குளிக்கல்லில் கால் ஊன்றி மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டில் சிப்பிகளை வாரிப் பையில் இடுவான். மூச்சு முட்டும் முன் கயிற்றை அசைப்பான். மேலே தோணியில் நிற்பவன் இழுப்பான். சுறா தீண்டாதிருக்க மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி'யும் சலாபத்திற்கு உடன் செல்வதுண்டு. அவ்வாறு உயிரைப் பணயம் வைத்து எடுத்த சிப்பிகளில் பெரும்பங்கு ஆள்வோர்க்கே சென்றது. அறிவும் உழைப்பும் நம்முடையன. கலமும் சட்டமும் பிறருடையன. இதுவே அக்கதையின் சாரம்.

இதனைத் தெளிவுற உணர்ந்தவர் ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். டச்சுக் கும்பெனியின் பெயரெழுத்துக்களையே ஆங்கிலத்தில் தம் பெயரெழுத்துக்களாகவும் கொண்ட இப்பெருமகனார், 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். ரூ. 25 வீதம் 40,000 பங்குகள், மொத்தம் பத்து இலட்சம் ரூபாய் மூலதனம் என்பது திட்டம். முதலில் வாடகைக் கப்பல் அமர்த்தினார், அது பின்வாங்கிற்று. வாடகைக் கலம் நம் கலம் ஆகாது என்று கண்டு, 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு நீராவிக் கப்பல்களைச் சங்கத்திற்குச் சொந்தமாகவே கொணர்ந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியா கும்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே சென்றது. இறுதியில் பயணிகளுக்கு இலவசப் பயணமும் குடையும் அளிக்க முன்வந்தது என்பர்.

1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் கைதானார். அவ்வாண்டு ஜூலையில் அவர்க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. எனினும் 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தபோது சங்கம் இல்லை. 1911இலேயே அது கலைக்கப்பட்டுவிட்டது. ஈண்டு நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. கப்பலை விலைக்கு வாங்கலாம். ஆயின் அதனைக் கட்டும் பட்டறையும், செலுத்தும் பொறியறிவும், காக்கும் சட்டமும் நம் கையில் இல்லையேல் அக்கலம் நெடுநாள் மிதவாது.

விடுதலைக்குப் பின் நிலை மாறிற்று. 1974 ஜூலையில் தூத்துக்குடியின் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாகத் திறக்கப்பெற்றது. 2011 முதல் அது வ. உ. சிதம்பரனார் பெயர் தாங்கி நிற்கின்றது. இயற்கை முத்துக்குளிப்போ 1955இல் மீண்டும் தொடங்கி, 1961ஆம் ஆண்டுச் சலாபத்தோடு ஓய்ந்தது. 1973இல் இவ்வூரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர்.

இப்பொழுது இக்கரையின் நான்காம் வகைக் கலத்தைப் பற்றிப் பேச வேண்டும். திருச்செந்தூருக்குத் தெற்கே, தசராத் திருவிழாவால் புகழ்பெற்ற குலசேகரன்பட்டினத்தில், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்திற்கு 2024 பெப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. ஏன் இந்த ஊர்? துருவங்களின் மேலாகச் சுற்றும் செயற்கைக்கோளைச் செலுத்த இராக்கெட்டைத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் வழியில் இலங்கை இருக்கின்றது. எரிந்து கழலும் பகுதிகள் மக்கள் மேல் விழலாகாது. ஆதலின் இராக்கெட் முதலில் தென்கிழக்கே சென்று பின்னர்த் திரும்புகின்றது. அத்திருப்பத்திற்கு எரிபொருள் செலவாகும். பெரிய இராக்கெட் அதனைத் தாங்கும். ஏறத்தாழ 120 டன் எடையே உள்ள எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய இராக்கெட்டுக்கோ அது சுமக்கும் பொருளின் எடையில் பேரிழப்பாக முடியும். குலசேகரன்பட்டினத்துக்கு நேர் தெற்கே அண்டார்டிக்கா வரையில் கடலே அன்றி வேறில்லை.

இக்கலம் பிறநாட்டார் கலம் அன்று. நம்மவர் வகுத்தது, நம்மவர் கட்டுவது. பிள்ளையவர்கள் கையில் இல்லாதிருந்த பட்டறையும் பொறியறிவும் இன்று நம்மிடம் உண்டு. இதில் எனக்குப் பெருமை மிகுதி. ஆயினும் பெருமையோடு ஒரு கேள்வியும் கூடவே எழுகின்றது. இக்கரையில் வலை வீசி வாழ்வோர்க்கு அக்கலத்தில் பங்கு யாது?

1963 நவம்பர் 21இல் நம் நாட்டின் முதல் ஆய்வு இராக்கெட் தும்பாவிலிருந்து எழுந்தது. அதற்கு இடம் ஈந்தவர் மீனவ மக்கள். அவர்தம் தேவாலயமே அலுவலகமாயிற்று. கேட்டுப் பெற்ற இடம் அது. ஏவும் நாளில் கடலின் ஒரு பகுதிக்குள் படகுகள் செல்லலாகாது என்பது ஏவுதளங்களின் நியதி. உயிர்க்காப்பு நோக்கிய அவ்விதியை எவரும் குறைகூறார். ஆனால் அன்றைய கூலியை நம்பியே அடுப்பு எரியும் வீடுகள் இக்கரையில் பல. முன்னறிவிப்பு உரிய காலத்தில் தமிழில் ஒவ்வொரு குப்பத்துக்கும் சேர வேண்டும். இழந்த நாளுக்கு ஈடும் சேர வேண்டும். இரண்டையும்விட முதன்மையாக, மணப்பாட்டிலும் ஆலந்தலையிலும் பெரியதாழையிலும் பயிலும் பிள்ளைகள் கணிதமும் பௌதிகமும் செவ்வனே கற்று, அத்தளத்தின் வாயிற்காவலராக மட்டுமின்றிப் பொறியாளராகவும் உள்ளே செல்ல வேண்டும். அதற்கு அவர்தம் பள்ளிகளில் ஆய்வுக்கூடமும் ஆசிரியரும் வேண்டும்.

கடலுக்கு முதலில் கதவிட்டவர் அயலார். அவர் சென்றுவிட்டனர். இனி இக்கரையில் எழும் கதவு நம்முடையது. அதனை நம் மக்களுக்குத் திறந்து வைப்பதும் அடைத்து வைப்பதும் நம் பொறுப்பே.