பாதி அட்டை மாத்திரை

(தண்டலம் மருத்துவ முகாமில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். முன்பு நடந்த ஒரு முகாமில் மாத்திரை போதவில்லை. டாக்டர் ஐந்து நாளுக்கு எழுதிய ஆன்டிபயாடிக்கை, எல்லோருக்கும் கிடைக்கட்டுமே என்று ஆளுக்கு இரண்டு நாளுக்கு வெட்டிக் கொடுத்தேன். "பாய், இப்படிக் கொடுத்தால் நோயும் போகாது, தப்பித்த கிருமிதான் பெருகும்" என்றார் பார்மசிஸ்ட். கூட்ட நெருக்கடியில் நான் காதில் வாங்கவில்லை.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங்கே 1945இல் நோபல் உரையில் இதை எச்சரித்திருக்கிறார். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக லான்செட் இதழின் மதிப்பீடு.

இதற்கு வழிகாட்டியது நம் சென்னைதான். 2012 ஆகஸ்டில் இந்தியாவின் பல மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி 'சென்னைப் பிரகடனம்' தயாரித்தன. ஒருங்கிணைத்தவர் டாக்டர் அப்துல் கபூர். எல்லா ஆன்டிபயாடிக்கையும் ஒரே நாளில் கட்டுப்படுத்தினால் டாக்டர் இல்லாத கிராமத்தான் என்ன செய்வான்? அதனால் படிப்படியாகப் போகலாம் என்றார்கள். எனக்குப் பிடித்தது அந்த நிதானம்தான். 2014 மார்ச் 1 முதல் ஹெச்1 அட்டவணை அமலுக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் கடையில் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து வரும் பையன், நாளைக்கு லீவு போட்டால் சம்பளம் போகுமே என்று, "பவரான மாத்திரை கொடுங்க" என்கிறான். அவனை நான் எப்படிக் குறை சொல்ல? சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று அவனுக்குப் புரியும்படி நாம் யாரும் சொல்லவில்லையே.

ஆகவே இன்று முறையை மாற்றியிருக்கிறோம். நீங்கள் ஏற்கெனவே என்ன மாத்திரை போட்டீர்கள் என்று செவிலியர் முதலில் கேட்பார், மறைக்காதீர்கள். டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதவில்லை என்றால் கோபப்படாதீர்கள். எழுதினால், எத்தனை நாள், எப்படிச் சாப்பிடுவது என்று பார்மசிஸ்ட் சொல்லித் தருவார். வடமாநிலத் தம்பிகளுக்கு இந்தியில் சொல்ல இரண்டு பேர் இருக்கிறார்கள். மருந்து மேசையில் அவர் சொல்வதே முடிவு. செயலாளருக்கு அங்கே வேலையில்லை.

மாத்திரை தீர்ந்துபோனால் இனி வெட்ட மாட்டோம். டாக்டர் சீட்டோடு கடையில் முழு அளவும் வாங்கிக்கொண்டு ரசீதைக் கொண்டு வாருங்கள். பணத்தை அறக்கட்டளை கொடுக்கும்.