எட்டுப் பிள்ளைகள் ஏன் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போக வேண்டும்?

(நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மே மாத விடுமுறையில் நம் சமுதாயக் கூடத்து டிவியில் வீடியோ கேம் போட்டி நடத்தலாமா என்று பிள்ளைகள் சங்கத்திடம் கேட்டிருக்கிறார்கள். இருவர் எதிரெதிராக ஆடும் கால்பந்து விளையாட்டு. இதற்கு இரண்டு எதிர்ப்புகள் வந்தன. பிள்ளைகள் ஏற்கெனவே திரையைப் பார்ப்பது போதாதா என்பது ஒன்று. அதை அவரவர் வீட்டில் பேசிக்கொள்ளலாம். இன்னொன்றை ஒரு தாயார் கேட்டார்: "காலேஜ் போகிற அந்த இரண்டு பையன்கள்தான் ஜெயிக்கப் போகிறார்கள். என் பெண் எதற்குப் போய்த் தோற்றுவிட்டு வர வேண்டும்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இருக்கிறது என்று சொல்லத்தான் உங்களிடம் ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு "உத்தி பிரிப்பது" நினைவிருக்கும். கபடிக்கோ கிளித்தட்டுக்கோ ஆள் சேர்க்கும்போது, சம பலம் உள்ள இருவர் தோளில் கை போட்டுக்கொண்டு தள்ளிப் போவார்கள். ஆளுக்கு ஒரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். தலைவர் ஒரு பெயரைக் கேட்பார். அந்தப் பெயருக்குரியவர் அவர் பக்கம், மற்றவர் எதிர்ப் பக்கம். சமமானவர்கள் இருவரும் ஒரே அணியில் சேர வழியே இல்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நியாயம் செய்து முடித்தாயிற்று.

தெருவில் யார் எப்படி ஆடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். இணையத்தில் முகம் தெரியாதவரோடு ஆடும்போது எப்படித் தெரியும்? அதற்குத்தான் ரேட்டிங் என்கிற எண். இதன் மூலம் செஸ்ஸில் இருக்கிறது. அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் ஈலோ வகுத்த கணக்கை உலக செஸ் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது.

வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இது எளிதாகப் புரியும். வரவு, பற்று மாதிரிதான். 1600 ரேட்டிங் உள்ளவரும் 1400 உள்ளவரும் 100 ஆட்டம் ஆடினால், பலசாலிக்குச் சுமார் 76 புள்ளி வரும் என்று ஈலோ கணக்கு எதிர்பார்க்கிறது. அதனால் அவர் ஒரு ஆட்டம் ஜெயித்தால் சுமார் 5 புள்ளிதான் அவர் கணக்கில் வரவு. சின்னவர் ஜெயித்தால் சுமார் 15 வரவு. ஒருவருக்கு வரவானது மற்றவருக்குப் பற்று. எளியவரை எத்தனை முறை அடித்தாலும் பெரிய லாபம் கிடையாது.

வீடியோ கேம்கள் இதை இன்னும் ஒரு படி கொண்டு போயின. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக உருவாக்கிய ட்ரூஸ்கில் என்ற முறை, ஒவ்வொருவருக்கும் இரண்டு எண் வைத்திருக்கிறது. ஒன்று திறமை, மற்றது அந்த மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்பது. புது வாடிக்கையாளருக்கு எடுத்தவுடன் பெரிய கடன் கொடுப்பதில்லை அல்லவா? அதே நிதானம்தான். ஆட ஆட நம்பிக்கை கூடும். ஏமாற்றுபவர்களும் உண்டு. கைதேர்ந்தவர் புதுப் பெயரில் கணக்குத் தொடங்கிக் கற்றுக்குட்டிகளை அடிப்பார். நம் பாஷையில் பினாமிக் கணக்கு.

இன்னொரு வழி, பின்தங்கியவருக்குக் கைகொடுப்பது. நின்டெண்டோவின் மாரியோ கார்ட் கார் பந்தயத்தில், பின்னால் வருபவருக்குத்தான் வலுவான ஆயுதங்கள் கிடைக்கும். முதலில் போகிறவரையே தேடிப் போய்த் தாக்கும் நீல ஓடு ஒன்றும் உண்டு. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து சிரிக்க இது நல்ல வழி. ஆனால் பரிசு வைத்து நடத்தும் போட்டியில், உழைத்துக் கற்றவனுக்கு இது அநியாயமாகத் தெரியும். அதனால் போட்டிக்கு வேறு வழி வேண்டும்.

அந்த வழியை நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். 2022இல் மாமல்லபுரத்தில் 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180க்கும் மேற்பட்ட அணிகள், 11 சுற்றுகள். தோற்றதற்காக எந்த அணியையும் வெளியேற்றவில்லை. ஒவ்வொரு சுற்றிலும், கூடியவரை சம புள்ளி எடுத்தவர்களை மோதவிட்டார்கள். இதற்கு சுவிஸ் முறை என்று பெயர். நம் குகேஷ் முதல் 8 ஆட்டங்களையும் வரிசையாக வென்றது அங்கேதான். பலவீனமான அணிகளும் கடைசிச் சுற்று வரை ஆடியது அதே அரங்கில்தான்.

நம் போட்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். நாக்அவுட் என்றால் 4 சுற்று, 15 ஆட்டம். 8 பேர் ஒரு வெற்றிகூட இல்லாமல் முதல் சுற்றிலேயே வெளியே. சுவிஸ் என்றாலும் அதே 4 சுற்று. ஆனால் 32 ஆட்டம். டிரா இல்லாவிட்டால் நான்கையும் வென்றவர் ஒருவர்தான், அவரே சாம்பியன். 3 வெற்றி பெற்றவர் 4 பேர், 2 வெற்றி 6 பேர், 1 வெற்றி 4 பேர். வெற்றியே இல்லாதவர் ஒரே ஒருவர். எட்டு பேர் ஒருவராகக் குறைகிறார்கள். சாம்பியனிடமிருந்து நாம் எதையும் பிடுங்கவில்லை.

செலவு நேரம்தான். ஒரே டிவி, ஆட்டத்துக்கு 10 நிமிடம் என்றால், நாக்அவுட்டுக்கு இரண்டரை மணி, சுவிஸ்ஸுக்கு 5 மணி 20 நிமிடம். இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொண்டால் சமாளித்துவிடலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பெயர் கொடுக்கும்போது "புதிது", "பழக்கம் உண்டு", "நன்றாக ஆடுவேன்" என்று மூன்றில் ஒன்றைப் பிள்ளைகளே எழுதட்டும். முதல் சுற்றில் ஒரே வகையினரை ஜோடி சேர்ப்போம். அதன் பிறகு வெற்றிக் கணக்குப்படி போகும். நன்றாக ஆடுபவன் "புதிது" என்று எழுதினாலும் கவலை இல்லை. இரண்டு ஆட்டம் ஜெயித்ததும் தன்னைப் போன்றவர்களிடமே போய்ச் சேர்ந்துவிடுவான். இரண்டாம் நாள் கடைசி அரை மணி, குடும்பத்தோடு ஆடும் கார் பந்தயம். அதில் சின்னவர்களை முன்னால் கிளம்ப விடுவோம், பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது!

கேள்வி கேட்ட அந்தத் தாயார் தன் பெண்ணின் பெயரைத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிவு நோட்டு செக்யூரிட்டி மேசையில் இருக்கிறது. சுற்று வாரியாகக் கணக்கு எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என் பொறுப்பு.