மூளைக் குருதியடைப்பும் உடனிருப்போர் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் நோயைப் பற்றிப் பேசுமாறு மருத்துவன் ஒருவனை அழைத்த சங்கத்தாரின் துணிவைப் பாராட்டுகிறேன். விருந்துக்கு முன் கசாயம் பரிமாறுவது போன்ற செயல் இது. ஆயினும் இக்கசாயம் நம் வீடுகளுக்கு இன்றியமையாதது என்று கருதியே இங்கு வந்து நிற்கிறேன்.

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்துத் திருவள்ளுவர், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிருந்து துணைசெய்பவர் ஒருவர். முதல் மூன்றைப் பற்றி உலகம் நிறையப் பேசுகிறது. நான்காமவரைப் பற்றி எவரும் மிகுதியாகப் பேசுவதில்லை. இன்று நான் எடுத்துக்கொண்ட நோயிலோ, மற்ற மூன்றும் பயன்படுமா படாதா என்பதை அந்த நான்காமவரே பெரும்பாலும் முடிவு செய்கிறார். அவர் வேறு யாருமல்லர். இங்கே வீற்றிருக்கும் நாம்தாம்.

நம் பெரியோர்கள் பாரிசவாயு என்றும் பக்கவாதம் என்றும் வழங்கிய நோயைத் தாங்கள் அறிவீர்கள். நோயின் பெயர் கைகால்களைக் குறித்தாலும் அதன் பிறப்பிடம் மூளையே. மூளை நம் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உடையது. ஆனால் உடல் கொள்ளும் உயிர்வளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தானே பெற்றுக்கொள்கிறது. அதனிடம் சேமிப்பு என்பது இல்லை. குருதி நின்றால் அதன் தொழிலும் நின்றுவிடும். குழாய் வெடித்துக் குருதி கசிவதாலும் இந்நோய் வரலாம். குழாயில் குருதிக்கட்டி அடைத்துக்கொள்வதாலும் வரலாம். பெரும்பான்மையோர்க்கு வருவது இரண்டாம் வகையே.

கட்டி அடைத்த அந்நொடியிலேயே மூளையின் ஒரு பகுதி முழுவதும் மடிந்துவிடுவதில்லை. நடுவில் ஒரு சிறு பகுதி விரைந்து அழிகிறது. அதனைச் சூழ்ந்த பகுதி, பக்கத்துக் குழாய்களின் வழியே கிடைக்கும் சிறிதளவு குருதியைக் கொண்டு, செயலிழந்தும் உயிரிழவாமல் காத்துக்கிடக்கிறது. வாய்க்காலில் நீர் நின்றபின் ஈரக்கசிவால் சில நாள் தாங்கும் பயிரைப் போன்றது அது. பயிர் நாட்கணக்கில் தாங்கும். மூளை தாங்குவதோ மணிக்கணக்கில். பெரிய குழாயொன்று அடைபட்டவருக்கு நிமிடந்தோறும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று ஜெப்ரி சேவர் என்னும் அமெரிக்க மருத்துவர் 2006ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார்.

அக்கட்டியைக் கரைக்க இயலுமா என்னும் வினா நெடுநாளையது. 1933இல் வில்லியம் டில்லெட் என்பவர், ஒருவகை நுண்ணுயிர் வெளிவிடும் பொருள் உறைந்த குருதியைக் கரைப்பதைக் கண்டார். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் அப்பொருள் பின்னாளில் மாரடைப்பு உற்றோர் பலருக்கு உயிர் அளித்தது. ஆயினும் 1990ஐ அடுத்த ஆண்டுகளில் மூளை அடைப்புக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தபோது, மூளையில் குருதிக்கசிவு மிகுந்தமையால் ஆய்வுகளை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

வேறொரு பொருள் நம் குருதிக்குழாய்ச் சுவரிலேயே இயல்பாகச் சுரக்கிறது. குருதிக்கட்டியைப் பிணைத்து நிற்பது பைபிரின் என்னும் நார்ப்பொருள். இச்சுரப்பு அந்நாரைப் பற்றிக்கொண்டு, அங்குள்ள வேறொரு பொருளைத் தூண்டி, நாரை அறுக்கச் செய்கிறது. பெல்ஜிய நாட்டு அறிஞர் தெசிரே கொல்லன் முதலியோர் இதனைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். 1983இல் இதன் மரபணு படியெடுக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. அதன்பின் ஆல்டிபிளேஸ் என்னும் பெயரால் இது மருந்தாயிற்று.

மருந்து கிடைத்தாலும் மற்றொரு தடை இருந்தது. அடைப்பா, கசிவா என்பதை வெளித்தோற்றத்தால் உறுதி செய்ய இயலாது. கசிவு உற்றவருக்கு இம்மருந்தைக் கொடுத்தால் அது நஞ்சாகும். காட்ப்ரே ஹவுன்ஸ்பீல்டு என்னும் ஆங்கிலப் பொறியியலார் அமைத்த சி.டி. ஸ்கேன் கருவியால் 1971இல் முதல் நோயாளியின் மூளை படம் பிடிக்கப்பட்டது. சில நிமிடங்களில் கசிவைக் காட்டிவிடும் அக்கருவி இல்லையேல் இம்மருத்துவமே இல்லை.

இனி, பயன் என்ன என்று பார்ப்போம். 1995ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க ஆய்வொன்று வெளிவந்தது. நோய் தொடங்கி மூன்று மணி நேரத்திற்குள் வந்த 624 பேரைப் பிரித்து, ஒரு சாரார்க்கு மருந்தும் மறு சாரார்க்கு மருந்தைப் போன்ற வெறும் நீர்மமும் செலுத்தினர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, குறையின்றியோ மிகச் சிறு குறையுடனோ இருந்தவர்கள் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 39 பேர். பெறாதோரில் 26 பேர். அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு இம்மருத்துவத்திற்கு இசைவு தந்தது. 2008இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு நாலரை மணி வரையிலும் பயன் உண்டு எனக் காட்டியது. ஆனால் அங்கே கண்ட வேற்றுமை 52க்கும் 45க்கும் இடைப்பட்டதே.

இவ்வெண்களை நாம் நேர்மையுடன் படித்தல் வேண்டும். இது மாய மருந்தன்று. மருந்தின்றியே ஓரளவு தேறுவோர் உண்டு. மருந்து பெற்றும் தேறாதோர் உண்டு. ஊசி போட்ட மறுநாளே எழுந்து நடப்பார் என எதிர்பார்த்தலும் தவறு. அமெரிக்க ஆய்வின் முதற்பகுதியில் 24 மணி நேரத்தில் இரு சாரார்க்கும் இடையே உறுதியான வேற்றுமை புலப்படவில்லை. பயன் தெளிவுற்றது மூன்று மாதம் கழிந்தபின்னரே. தீங்கும் உண்டு. நிலையைச் சீர்குலைக்கும் மூளைக்கசிவு மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 6.4 பேருக்கு நேர்ந்தது, பெறாதோரில் 0.6 பேருக்கே நேர்ந்தது. ஆயினும் மூன்று மாத முடிவில் இறந்தோர் தொகை மருந்து பெற்ற பக்கத்தில் மிகவில்லை. கசிவால் வந்த கேட்டையும் கணக்கிட்டபின் எஞ்சிய நன்மையே நான் மேலே சொன்னது.

அந்நன்மையின் அளவை நேரமே வரையறுக்கிறது. பல ஆய்வுகளை ஒருங்கு சேர்த்து 2010இல் வெளியிட்ட கணக்கொன்று இதனைத் தெளிவாக்குகிறது. ஒன்றரை மணி நேரத்திற்குள் மருந்து கொடுத்தால், நான்கைந்து பேருக்குக் கொடுக்கும்போது ஒருவர் கூடுதலாக நன்னிலை அடைகிறார். ஒன்றரை மணி முதல் மூன்று மணிக்குள் என்றால் ஒன்பது பேருக்கு ஒருவர். மூன்று முதல் நாலரை மணிக்குள் என்றால் பதினான்கு பேருக்கு ஒருவர். மருந்து அதுவே, மருத்துவரும் அவரே. குறைந்தது நேரம் ஒன்றுதான். ஆதலால் நாலரை மணி என்பது நமக்குத் தரப்பட்ட தவணையன்று. கதவு அடைபடும் நேரம் அது.

மருத்துவத் துறை தன் பங்கிற்கு விரைந்து வருகிறது. ஆல்டிபிளேஸ் மருந்தில் பத்தில் ஒரு பங்கை உடனே செலுத்தி, எஞ்சியதை ஒரு மணி நேரம் சொட்டு சொட்டாக இறக்க வேண்டும். டெனெக்டிபிளேஸ் என்னும் அதன் இனத்து மருந்தை ஒரே ஊசியில் சில நொடிகளில் செலுத்திவிடலாம். அது ஆல்டிபிளேசுக்குக் குறைந்ததன்று என்று 2022இல் கனடா நாட்டு ஆய்வு காட்டியது. நம் நாட்டிலும் அது வழக்கில் உள்ளது. பெரிய குழாய் அடைபட்டால், தொடை இடுக்கிலுள்ள குழாயின் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்திக் கட்டியையே வெளியே இழுக்கும் முறையின் பயனை 2015இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகள் நிலைநாட்டின. மலைநாடாகிய இமாசலப் பிரதேசத்தில் 2014 முதல், மாவட்ட மருத்துவமனை மருத்துவர்கள் தொலைவிலுள்ள நரம்பியல் வல்லுநருக்குக் கைப்பேசியில் படத்தைக் காட்டி, அவர் அறிவுரைப்படி இவ்வூசியைச் செலுத்தும் ஏற்பாடு தொடங்கிற்று. மலைமேல் இயலுமாயின் நம் நகரத்தில் இயலாதா?

இங்கேதான் அந்த நான்காமவர் வருகிறார். ஊரைவிட்டு வந்து வாழும் நம் வீடொன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மையார் பகலில் தனியே இருக்கிறார். மகனும் மருமகளும் அலுவலகத்தில். காலை பத்து மணிக்கு அவர் வாய் ஒரு பக்கம் கோணுகிறது, கை தளர்கிறது, நா குழறுகிறது. பக்கத்து வீட்டார் வந்து பார்த்து, களைப்பு என்று எண்ணிப் படுக்க வைக்கிறார்கள். ஒருவர் காப்பி கொடுக்கிறார். ஒருவர் எண்ணெய் தேய்க்கிறார். மகன் வந்து சேரும்போது மணி ஒன்று. மருத்துவமனை வாயிலில் மருத்துவர் கேட்கும் முதல் வினா, “இவர் கடைசியாக நன்றாக இருந்தது எப்போது?” என்பதே. அதற்கு விடை தெரியவில்லையாயின், நோய் தொடங்கியது அப்போதுதான் என்றாலும், அவரை நலமாகக் கண்ட இறுதி நேரத்திலிருந்தே கணக்கிடுவார்கள்.

இன்னுமொரு சிக்கல் நம்மனோர்க்கே உரியது. நோயாளியின் பேச்சைச் சோதிக்க மருத்துவர் அவர் வயதையும் நடக்கும் மாதத்தையும் கேட்பார். கண்ணை மூடு, கையை இறுக்கு என்று ஏவுவார். மருத்துவர் அறிந்தது இந்தி. அம்மையார் அறிந்தது தமிழ். அவர் விடை கூறாமை நோயாலா, மொழி அறியாமையாலா? கூறிய விடை தெளிவானதா, பொருளற்ற குழறலா? உடன் நிற்கும் ஒரு தமிழரே அதனைச் சொல்ல வல்லவர். தமிழறிவு உயிர் காக்கும் கருவியாகும் இடம் அது.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில. முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை மங்கினாலோ, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், உடனே புறப்படுங்கள். தானே சரியாகிவிட்டாலும் செல்லுங்கள். அது பின்வரும் பெருநோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். வாயில் நீரோ உணவோ ஊற்றாதீர்கள். விழுங்கும் ஆற்றல் குன்றியிருந்தால் அது நுரையீரலில் புகும். ஆஸ்பிரின் மாத்திரையும் வேண்டா. கசிவாக இருப்பின் கேடு விளையும். உண்டுவரும் மருந்துகளின் பட்டியலைக் கையோடு கொண்டு செல்லுங்கள். குருதி உறையாமைக்கு மாத்திரை உண்பவரா, அண்மையில் அறுவை செய்துகொண்டவரா, தலையில் அடிபட்டவரா என்பதை அறியாமல் மருத்துவர் இவ்வூசியைப் போட இயலாது. சர்க்கரை நோய் உள்ளவராயின் அதனையும் கூறுங்கள். சர்க்கரை மிகத் தாழ்ந்தாலும் இதே தோற்றம் உண்டாகும்.

மற்றொன்று, இசைவு. நன்மையையும் தீமையையும் விளக்கி மருத்துவர் கையொப்பம் கேட்கும்போது, “ஊரிலுள்ள அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன், மாமாவுக்குத் தொலைபேசி போடுகிறேன்” என்று அரைமணி கழிப்பது நம் குடும்ப இயல்பு. பெரியோரை மதிக்கும் பண்பு நன்றே. ஆனால் அந்த ஆலோசனையை நோய் வருமுன்னரே, அமைதியான ஒரு மாலையில், குடும்பத்தோடு அமர்ந்து முடித்து வைத்துக்கொள்ளலாம். அதற்காகவே நூற்றுக்கு இத்தனை பேர் என்று இவ்வளவு எண்களையும் தங்கள்முன் அடுக்கினேன்.

இறுதியாகச் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இந்நகரில் இரவும் பகலும் சி.டி. ஸ்கேன் எடுத்து இவ்வூசி போடும் மருத்துவமனைகள் எவை என்று நேரில் உசாவி, ஒரு பட்டியல் அச்சிட்டு வீடுதோறும் கொடுங்கள். அருகிலுள்ள மருத்துவமனை என்பதைவிட, இம்மருத்துவம் செய்யும் மருத்துவமனை என்பதே தேர்வாக இருத்தல் வேண்டும். ஓரிடம் போய் அங்கிருந்து மற்றோரிடம் போவதில் ஒரு மணி நேரம் கழிந்துவிடும். தமிழும் இவ்வூர் மொழியும் அறிந்த இளைஞர் சிலர், பகுதிக்கு இருவராக, அழைத்த நேரத்தில் நோயாளியுடன் செல்ல முன்வரட்டும். தனித்திருக்கும் முதியோர் எண்ணி அழைக்கத்தக்க ஒரு தொலைபேசி எண் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, மனம் வேண்டும்.

அயலூரில் நமக்கு உற்றாரும் ஊராரும் இச்சங்கமே. உற்றார் செய்யும் உதவியைச் சங்கம் செய்யுமானால், இன்று நம்மிடையே அமர்ந்திருக்கும் பெற்றோர் பலர் வருமாண்டு விழாவிற்கும் தம் காலால் நடந்துவந்து, தம் நாவால் தமிழ் பேசுவர்.