ஊற்றுகிறவன் பொறுப்பு

(சிங்கப்பூர் ஈசூனில், உணவுக் கடைகளிலும் மதுக் கடைகளிலும் வேலை பார்க்கும் தமிழ்த் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில், ஜோகூரைச் சேர்ந்த தோட்டக் கிராணியும் நமது சங்கத் தொண்டருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)



கூட்டம் ஈசூனில் என்று கடிதம் வந்ததும் எனக்கு ஒரு மகிழ்ச்சி. காரணம் சொல்கிறேன். ஈசூன் என்பது நீ சூன் என்ற பெயரின் மாண்டரின் உச்சரிப்பு. ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பொருள் ஈட்டி, 1936-ல் காலமான லிம் நீ சூன் என்பவரின் பெயர் அது. இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கிற இந்த வட்டாரத்தில் அன்று பால் மரங்கள் நின்றன. ஆகவே நான் அயலூருக்கு வந்ததாக எண்ணவில்லை. ஒரு பழைய தோட்டத்துக்கு வந்ததாகவே எண்ணுகிறேன். உங்களிலும் பலர் தோட்டத்துப் பிள்ளைகள்தாமே! விடியுமுன் எழுந்து பாலம் தாண்டி வந்து, இரவு வரை நின்றபடியே வேலை செய்து, மறுபடியும் பாலம் தாண்டிப் போகிறீர்கள். அப்பன் கையில் பால் வெட்டும் கத்தி இருந்தது. மகன் கையில் இப்போது தட்டு இருக்கிறது, போத்தல் இருக்கிறது. அந்தப் போத்தலைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சங்கத்துக்காரன் மதுவைப் பற்றிப் பேச வந்தால், "குடிக்காதே" என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு போய்விடுவான் என்று நினைப்பீர்கள். அதை நம் பாட்டன் காலத்திலிருந்தே சொல்லியாயிற்று. குடிப்பவனைத் திட்டித் திட்டி நம் வாய்தான் வலித்தது. இன்று நான் குடிப்பவனைப் பற்றிப் பேசவில்லை. விற்கிறவனைப் பற்றி, ஊற்றிக் கொடுக்கிறவனைப் பற்றிப் பேசுகிறேன். ஏனென்றால் அந்த வேலையில் இன்று நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இது புதிய சிந்தனை அல்ல, தோழர்களே! அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில், லயத்துக்கு நடந்துபோகும் தூரத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பளம் வாங்கிய கை வீடு சேருமுன் கடையைக் கடக்க வேண்டும். 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் வைத்தார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கொடுமையை ஒழிக்க வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. பாருங்கள், கள்ளுக்கடையையும் அந்த அவமானத்தையும் அவர்கள் ஒரே தராசில் வைத்தார்கள்! படை வந்தது, துப்பாக்கி பேசியது, உயிர்கள் போயின. போருக்குப் பின் 1946-ல் கெடாவில் தொண்டர் படை தோன்றியது. தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்தார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947-ன் தொடக்கத்தில் போலீசாரோடு மோதல் ஏற்பட்டு அங்கும் உயிர்ச்சேதம் நேர்ந்தது.

அதிகம் படிக்காத அந்த மனிதர்கள் எங்கே போய் நின்றார்கள்? குடிகாரனின் வீட்டு வாசலிலா? இல்லை. விற்கிற இடத்தின் வாசலில் போய் நின்றார்கள். ஆற்றில் தண்ணீர் கலங்கினால் ஊற்றுக்கண்ணைப் பார் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அவர்களுக்கே தெரிந்திருந்தது.

இப்போது என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். மேடையில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் மேலே பேச எனக்கு யோக்கியதை இல்லை.

கிராணி வேலை கிடைக்குமுன், பத்தொன்பது வயதில், ஒரு சிறு பட்டணத்து மளிகைக் கடையில் கையாளாக இருந்தேன். கடையின் பெயர் வேண்டாம். அரிசி, பருப்பு, கருவாடு, பின்பக்க அலமாரியில் சம்சு. ஒரு சம்பள நாள் சாயங்காலம், எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் ஒருவர் வந்தார். நான் சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டவர். இரண்டு போத்தல் முடித்துவிட்டு மூன்றாவதற்கு வந்து நிற்கிறார். நோட்டை எடுக்கிறார், விரலில் நிற்கவில்லை, கீழே விழுகிறது. குனிகிறார், எழ முடியவில்லை. நான்தான் நோட்டைப் பொறுக்கிக் கல்லாவில் போட்டேன். மீதிச் சில்லறையை எண்ணி அவர் சட்டைப்பையில் நானே வைத்தேன். காசில் ஒரு சல்லி நான் ஏமாற்றவில்லை. நல்ல பையன் என்று முதலாளி சொன்னார்.

அன்றிரவு மோட்டார் சைக்கிளோடு அல்லூரில் விழுந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் வலது கை பழைய கை ஆகவில்லை. பட்டையை மரத்துக்குக் காயம் படாமல் சீவுகிற கை அது. பிறகு கத்தியைப் பிடிக்கவே நடுங்கியது. அத்தை அவருடைய நிரையையும் சேர்த்து வெட்டினார்கள். பால் எடுக்க மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாள். நான் கிராணியான பிறகு அந்தப் பெண்ணின் பெயரைச் செக்ரோலில் என் கையாலேயே எழுதினேன்.

மாமா என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "தம்பி என்ன செய்வான், நான் கேட்டேன், கொடுத்தான்" என்றார். அதுதான் என்னை இன்றுவரை சுடுகிறது. "போதும் மாமா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. எடை போடக் கற்றுக்கொடுத்தார்கள். கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள்.

சரி, இந்த ஊருக்கு வருவோம். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கிற இடத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து வந்த 33 வயதுக் கட்டிடத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்துச் சக்கரத்தில் சிக்கி மாண்டார். அவர் மது அருந்தியிருந்தார். கூட்டம் கொதித்தது. இருபதுக்கு மேற்பட்ட போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வாகனங்கள் சேதமடைந்தன, சில எரிந்தன. 25 பேர் மீது வழக்கு. 57 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்து, 2014-ல் அறிக்கை தந்தது. கலவரம் பெருகியதற்கு மது ஒரு முக்கியக் காரணம் என்றது அறிக்கை.

மதுவின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு எழுந்துபோக என் மனம் ஒப்பவில்லை. வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு. ஊர்க்காரனைப் பார்க்க ஒரே ஒரு இடம். உட்கார ஒரு பெஞ்சு இல்லை, புல்தரைதான். அப்படிப்பட்டவனுக்கு அந்த நாள் முழுதும் போத்தல் போத்தலாக விற்றுக்கொண்டே இருந்தவர்களும் அந்தத் தெருவில் இருந்தார்கள் அல்லவா? எவனாவது ஒரு கடைக்காரன், "தம்பி, சோறு தின்றாயா?" என்று கேட்டிருப்பானா?

அதன் பிறகு 2015 ஏப்ரல் 1 முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரவு பத்தரை மணி முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. அதே நேரத்தில் கடையில் எடுத்துச்செல்ல விற்கவும் கூடாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனிக்கிழமை காலை 7 முதல் திங்கட்கிழமை காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கத் தடை. பொது விடுமுறையை ஒட்டியும் அங்கே தடை உண்டு. பொது இடத்தில் குடித்தவனுக்கு ஆயிரம் வெள்ளி வரை அபராதம். நேரம் தவறி விற்றால் பத்தாயிரம் வெள்ளி வரை. 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. அடையாள அட்டையைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். மீசை முளைத்திருப்பது வயதுக்குச் சாட்சி ஆகாது.

ஆனால் கடிகாரத்தைப் பார்க்கிற சட்டம் வேறு, முகத்தைப் பார்க்கிற அறிவு வேறு. பத்து இருபதுக்கு ஒருவன் தள்ளாடிக்கொண்டு வந்தால் கடிகாரம் "விற்கலாம்" என்கிறது. அங்கேதான் பயிற்சி வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மது விற்கவோ ஊற்றவோ நிற்கிற எவரும் இதற்கென்று பாடம் படித்து அட்டை வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2017-ல் சட்டம் இயற்றி, 2022 ஜூலை முதல் கட்டாயமாக்கியது. மதுக் கூடங்களிலும் உணவகங்களிலும் ஊற்றுகிறவர் வேலையில் சேர்ந்து 60 நாளுக்குள் பயிற்சி முடித்துத் தேர்வு எழுத வேண்டும். சான்றிதழ் மூன்று ஆண்டுக்குச் செல்லும். ஊற்றுவதும் ஒரு தொழில், அதற்கும் படிப்பு உண்டு என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பாடத்தில் என்ன இருக்கும்? கணக்கு இருக்கும். கிராணியாயிற்றே, கணக்கு சொல்லாமல் விடுவேனா! 640 மில்லி பெரிய பீர் போத்தல், நூற்றுக்கு ஐந்து சாராயச் சத்து என்றால், உள்ளே இருப்பது சுமார் 25 கிராம் சாராயம். நம் ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏழு முதல் பத்து கிராம் வரைதான் எரிக்கும். ஆக ஒரு போத்தல் இறங்க ஏறக்குறைய மூன்று மணி நேரம். எலுமிச்சம் பழம், காப்பி, தலைக்குத் தண்ணீர் ஒன்றும் அதை விரைவுபடுத்தாது. ஒரு மணி நேரத்தில் மூன்று போத்தல் கொண்டுபோய் வைத்தவனுக்கு, எதிரே இருப்பவன் எந்த நிலையில் இருப்பான் என்று தெரிந்திருக்க வேண்டும். அவன் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாலும் சரி. கடைசிப் போத்தல் இரத்தத்தில் ஏறவே நேரம் பிடிக்கும்.

இன்னொன்று, பாலம் தாண்டுகிறவர்களுக்காக. வண்டி ஓட்டுகிறவனுக்குச் சிங்கப்பூரில் எல்லை, 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம். மலேசியாவில் 2020-லிருந்து அது 50. இங்கே சட்டத்துக்குள் இருக்கிறவன், பாலத்தின் அந்த முனையில் குற்றவாளி. மோட்டார் சைக்கிள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் இன்னொரு போத்தல் கேட்டால் இந்த இரண்டு எண்களும் உங்கள் நினைவுக்கு வரட்டும்.

முத்திரை இல்லாத, மலிவான சரக்கை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் தொடாதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் 30 பேருக்கு மேல் மாண்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுதி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். விற்ற கை அங்கேயும் ஒன்று இருந்தது.

"போதும்" என்று சொல்வது எப்படி? இதுதான் கடினம். நம் ஆட்களின் மானம் பொல்லாதது. நாலு பேர் முன்னால் "உனக்கு இனி இல்லை" என்றால் மேசை பறக்கும். குரலை உயர்த்தாதீர்கள். தண்ணீர் கொண்டுபோய் வையுங்கள். "அண்ணே, சோறு போடட்டுமா?" என்று கேளுங்கள். உடன் வந்தவனில் தெளிவாக இருப்பவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அடுத்த போத்தலுக்குத் தாமதம் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மேலாளரைக் கூப்பிடுங்கள். தனியாக நின்று அடி வாங்குவது வீரம் அல்ல.

"நான் மறுத்தால் முதலாளி என்னை நாளைக்கு வர வேண்டாம் என்பானே?" என்று முன்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுக்கிறார். சரியான கேள்வி. போத்தலுக்கு இத்தனை காசு கமிஷன் என்று வைத்துவிட்டு, பொறுப்பாக விற்க வேண்டும் என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்வது ஏமாற்று. கமிஷனுக்காக ஊற்றுகிறவன் "போதும்" என்று சொன்னால் தன் சம்பளத்தையே குறைத்துக்கொள்கிறான். ஆகவே இதை உங்கள் ஒழுக்கம் என்று விட முடியாது. இது சங்கத்து வேலை. பயிற்சி முதலாளி செலவில் நடக்க வேண்டும். பயிற்சி நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். குடிபோதையில் இருப்பவனுக்கு விற்க மறுத்த தொழிலாளிமேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எழுத்தில் வாங்க வேண்டும். கமிஷன் போய் முறையான சம்பளம் வர வேண்டும். வேலைக்குச் சேரும்போதே இவற்றைக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் துரத்துவான். ஒரு கடையில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து கேட்டால் யோசிப்பான்.

நேரமாகிவிட்டது. பாலம் தாண்ட வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள், நானும் அந்தப் பஸ்ஸில்தான் போக வேண்டும். பெயர் எழுதும் தாள் வாசலில் இருக்கிறது. எந்தக் கடையில் எத்தனை பேர், கமிஷன் உண்டா இல்லையா என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள். அந்தத் தம்பியோடு நான் பஸ்ஸில் பேசிக்கொள்கிறேன்.