பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது
(ஆழ்வார்பேட்டையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பி.எட். மாணவர்கள் நம் பள்ளிகளுக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வருகிறார்கள். 2015இல் படிப்பு இரண்டு ஆண்டாக மாறிய பிறகு, இரண்டாம் ஆண்டில் 16 வாரம் நம்மோடு இருக்கிறார்கள். பாடத்திட்டம் எழுதக் கல்லூரி சொல்லித் தருகிறது. அந்தத் திட்டம் வகுப்பில் உடையும்போது என்ன செய்வது என்று முடிவெடுக்க அவர்கள் எங்கே கற்கிறார்கள்? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி ஆசிரியை பலகையில் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டார். நான் பின்பெஞ்சிலிருந்து எழுந்து, பிள்ளைகள் முன்னாலேயே திருத்தினேன். கணக்கு சரியானது. ஆனால் மீதி வாரங்கள் முழுக்க அவர் நோட்டைப் பார்த்து வாசித்தார். பிள்ளைகள் கேள்வி கேட்டால் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

அதற்குப் பின் வந்த ஒரு தம்பி, ஏழாம் வகுப்பில் தசம எண்கள் எடுத்தார். நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர், சேப்பாக்கமும் பக்கம். அதனால் ஓவர் கணக்கில் தொடங்கினார். பலகையில் எண்கோடு வரைந்து 4.1, 4.2 என்று 4.5 வரை எழுதி, "அடுத்து என்ன?" என்றார். 4.6 வரும் என்பது அவர் திட்டம்.

"அஞ்சு சார்! ஓவர் முடிஞ்சிடும்."

வகுப்பே சிரித்தது. எனக்குக் கால் துடித்தது. எழவில்லை.

தம்பி சாக்பீஸை உருட்டியபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "நான் எடுத்த உதாரணம் தப்பு. ஏன் தப்புன்னு நீங்க சொல்லுங்க" என்றார். பாதி ஓவர் முடிந்தால் பலகையில் என்ன இருக்கும் என்று கேட்டார். 4.3 என்றார்கள். நாலரையைத் தசமத்தில் எழுதினால்? 4.5. ஓவரை ஆறாகப் பிரிக்கிறோம், தசமத்தில் பத்தாகப் பிரிக்கிறோம் என்று ஒரு பையனே கண்டுபிடித்தான். மணி அடித்தது. திட்டத்தில் பாதிகூட முடியவில்லை.

வராந்தாவில் உட்கார்ந்து, "ஏன் தம்பி அங்கே நிறுத்தினீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"தாண்டிப் போயிருந்தா ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சிருப்பாங்க மேடம்."

பாராட்டிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது: "இன்னைக்கு வாயே திறக்காதவங்க யார்?" அவர் யோசித்தார். கிரிக்கெட் பார்க்காத, ஜன்னலோர வரிசைப் பெண் பிள்ளைகளை அவர் கவனித்திருக்கவில்லை. நான் உதாரணம் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அது என் பாடமாகியிருக்கும்.

மறுநாள் ஒரு தையல் டேப்போடு வந்தார். பிள்ளைகள் உயரம் அளந்து மீட்டரில் எழுதினார்கள். 1.35, 1.4 என்று இரண்டு உயரங்கள் வந்தன. எது பெரிது? 1.35 என்றார்கள் பலர். 35 பெரிது, 4 சின்னது. முந்தைய நாள் பேசாமலிருந்த பெண் எழுந்தாள். "நான்தான் சார் 1.4. ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வெச்சுப் பாருங்க."

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, இனி அட்டையே பாடம் நடத்தும் என்று கேலி பேசியவர்கள் உண்டு. எந்தக் குழந்தை அடுத்த அட்டைக்குத் தயார் என்பதை அட்டை சொல்லாது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அப்படித்தான். அரும்பு, மொட்டு, மலர் என்று புத்தகம் பிரிக்கலாம். மொட்டிலிருக்கும் குழந்தையை மலருக்கு எப்போது அனுப்புவது என்று குழந்தையைப் பார்க்கிற ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

அந்தத் தம்பி கடைசி வாரங்களில் தன் பாடத்திட்டத்தில் தானாகவே ஒரு பத்தி சேர்த்துக்கொண்டார். தலைப்பு: 'பிள்ளைகள் என்ன சொல்லலாம்?' மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கு இடமில்லை. 'பாடத்திட்டம் முழுமையாக முடிக்கப்பட்டதா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, காரணத்தைத் தனித்தாளில் எழுதிப் பின் குத்தி அனுப்பினேன்.

அந்தத் தாளின் நகல் கொண்டு வந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் பாருங்கள். உங்கள் பள்ளிக்கு வந்தவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதையும் காட்டுங்கள்.